வலிமை எங்கே இருக்கிறது, விரிசல் எங்கே பிறக்கிறது



முதலில் திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். இது காரின் உடற்கூட்டில் பயன்படும் தகடு. ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல் கனம். அதிலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, பேக்லைட்டில் பதித்து, எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, வைரப் பசையில் மெருகேற்றி, கடைசியில் நைட்டாலில், அதாவது சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில், சில நொடிகள் நனைத்து எடுத்தது. மெருகேற்றியபோது முகம் தெரியும் அளவுக்கு ஒரே பளபளப்பாக இருந்த பரப்பு, அமிலம் பட்டதும் தன் உள்ளமைப்பைக் காட்டுகிறது. வெளுத்துத் தெரிவது பெர்ரைட். ஏறக்குறைய தூய இரும்பு, மென்மையானது. இடையிடையே கருமையாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது மார்ட்டென்சைட். கார்பனை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும், மிகக் கடினமான கட்டம். இரண்டும் சேர்ந்த இந்த எஃகை இருகட்ட எஃகு என்கிறோம். தொழிற்சாலையில் டி.பி. ஸ்டீல் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தகடு எவ்வளவு வலிமையானது என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். எந்த இடத்தில், எப்போது கிழியும் என்பதை அந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. வலிமை என்பது கட்டங்கள் எல்லாம் சேர்ந்து தரும் சராசரி. சேதமோ அந்தக் கட்டமைப்பிலேயே மிக மோசமான ஓர் இடத்தில் தொடங்குகிறது. இன்று நான் பேசப் போவது முழுக்க இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

இப்படி அமிலம் தொட்டு எஃகைப் பார்க்கத் தொடங்கியவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. பாறைகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1863-64 வாக்கில் அதே கண்ணை இரும்பின் பக்கம் திருப்பினார். பிறகு பெர்லினில் அடால்ஃப் மார்ட்டென்ஸ் இந்த வேலையை வளர்த்தார். கடினப்படுத்திய எஃகில் தெரியும் அந்தக் கட்டத்துக்கு 1895இல் அவர் பெயரை வைத்தவர் பிரெஞ்சுக்காரரான ஃப்ளோரிஸ் ஆஸ்மாண்ட். பழைய கதைதான். ஆனால் எஃகின் குணத்தை அதன் வேதிப்பட்டியலில் மட்டும் தேடாமல் அதன் உருவத்திலும் தேட வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது அங்கேதான்.

இருகட்ட எஃகு வந்ததற்குக் காரணம் பெட்ரோல். 1973இல் எண்ணெய் விலை எகிறியது. 1975இல் அமெரிக்கா கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. கார் மெலிந்தாக வேண்டும், ஆனால் மோதினால் நொறுங்கக்கூடாது. மெல்லிய தகடு போட வேண்டுமானால் எஃகின் வலிமை கூட வேண்டும். வலிமை கூடிய எஃகோ டையில் வைத்து அழுத்தினால் கிழிந்தது. அந்த நெருக்கடியில்தான் 1970களின் நடுவில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வகங்கள் பெர்ரைட்டும் மார்ட்டென்சைட்டும் கலந்த தகட்டைக் கையில் எடுத்தன. நம் நாட்டில் 2017 அக்டோபர் முதல் புதிய கார் மாடல்களுக்கு முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் கட்டாயமாகின. ஆகவே ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஓசூரிலும் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்த எஃகைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் அது அவர்கள் கையில் இருக்கிறது.

இருகட்ட எஃகைச் செய்யும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. குளிர் உருட்டலில் வந்த தகட்டில் கார்பன் 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாங்கனீசு ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். இந்தத் தகட்டை 750 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் சிறிது நேரம் வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் எஃகு முழுவதும் ஆஸ்டினைட்டாக, அதாவது உயர் வெப்பத்தில் நிலைக்கும் கட்டமாக, மாறாது, பாதி வழியில் நிற்கும். ஒரு பகுதி பெர்ரைட், ஒரு பகுதி ஆஸ்டினைட். பெர்ரைட்டுக்குக் கார்பன் பிடிக்காது. மிஞ்சிப் போனால் 0.02 சதவீதம்தான் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஆகவே தகட்டில் உள்ள கார்பன் ஏறக்குறைய முழுவதும் ஆஸ்டினைட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அப்போது சட்டென்று குளிர்வித்தால், ஆஸ்டினைட் இருந்த இடமெல்லாம் மார்ட்டென்சைட் ஆகிவிடும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தகட்டில் கார்பன் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தைக் குறைவாக வைத்து 20 சதவீத ஆஸ்டினைட் உண்டாக்கினால், கார்பன் முழுவதும் அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் அடைபடுகிறது. ஆக, மார்ட்டென்சைட்டில் கார்பன் 0.5 சதவீதம். வெப்பத்தைக் கூட்டி 40 சதவீத ஆஸ்டினைட் உண்டாக்கினால் அதே கார்பன் இரண்டு மடங்கு இடத்தில் பரவுகிறது. அப்போது மார்ட்டென்சைட்டில் கார்பன் 0.25 சதவீதம்தான். 0.5 சதவீதக் கார்பன் கொண்ட மார்ட்டென்சைட்டின் கடினம் விக்கர்ஸ் அளவில் 700ஐ ஒட்டி இருக்கும். 0.25 சதவீதம் என்றால் 500ஐ ஒட்டி. பெர்ரைட்டுக்கு 150 என்று கொள்ளலாம். சராசரி பாருங்கள். முதல் தகட்டுக்கு 260. இரண்டாவதற்கு 290. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் முதல் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு கட்டங்களுக்கு இடையே கடினத்தில் நாலரை மடங்குக்கு மேல் வேறுபாடு. இரண்டாவதில் மூன்று மடங்கைச் சற்றே தாண்டும். இது மேலோட்டமான கணக்குதான். உண்மையான எஃகில் படிக மணிகளின் அளவும், திட்டுகள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா என்பதும் சேர்ந்து பேசும். இருந்தாலும் சராசரி ஏறக்குறைய ஒன்றாக இருக்க, உள்ளுக்குள் இருக்கும் முரண் எப்படி மாறிவிடுகிறது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

இந்த எஃகின் சிறப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. சாதாரண மென்னெஃகை இழுத்தால், இழுவிசை வரைபடத்தில் யீல்டு இடத்தில், அதாவது தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடத்தில், ஒரு தடுமாற்றம் தெரியும். தகட்டின் மேல் கோடு கோடாகத் தழும்பு விழும். இருகட்ட எஃகில் அது கிடையாது. வளைகோடு வழுக்கிக்கொண்டு மேலே போகும். காரணம் குளிர்விக்கும் நொடியில் நடந்த ஒன்று. ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாகும்போது பருமன் சில சதவீதம் பெருகும். அந்தப் பெருக்கம் பக்கத்துப் பெர்ரைட்டை நெருக்கித் தள்ள, அதற்குள் டிஸ்லொகேஷன்கள், அதாவது அணு அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள், ஏராளமாக முளைக்கின்றன. அவை எதனாலும் கட்டப்படாதவை. சிறிய விசையிலேயே நகரத் தொடங்கிவிடும். எனவே யீல்டு தாழ்வாக இருக்கும். அழுத்த அழுத்த அவை கடினமான திட்டுகளில் முட்டிக் குவிந்து, தகடு வேகமாக உறுதியாகிக்கொண்டே போகும். டையில் நன்றாக வளைந்து கொடுத்து, வண்டியில் போய் உறுதியாக நிற்கும் தகடு இதனால்தான் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் மீது எனக்கு என்றும் மரியாதை உண்டு.

சரி, சேதத்துக்கு வருவோம். இதில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பரை நினைவுகூராமல் போனால் நன்றி மறந்தவர்கள் ஆவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெல்டிங் செய்து கட்டிய லிபர்டி கப்பல்கள் குளிர்ந்த கடலில் திடீரெனப் பிளந்தபோது, எல்லோரும் வெல்டிங்கைக் குறை சொன்னார்கள். குளிரில் நொறுங்கும் குணம் அந்த எஃகுக்கே இருக்கிறது என்று காட்டியவர் டிப்பர். அதே பெண்மணிதான் 1949இல், உலோகம் நன்றாக நீண்ட பிறகு முறியும்போதும் முறிவு உள்ளே இருக்கும் அயல் துகள்களைச் சுற்றி நுண்குழிகளாகப் பிறக்கிறது என்று எடுத்துச் சொன்னார். குழிகள் பிறக்கின்றன, வளர்கின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன. இன்று நாம் நீட்சி முறிவைப் பற்றிப் பேசுவதெல்லாம் இந்த மூன்று படிகளின் மேல் நிற்கிறது. 1968இல் மெக்ளின்டாக்கும் 1969இல் ரைஸும் டிரேசியும் குழியின் வளர்ச்சியைக் கணிதத்தில் பிடித்தார்கள். எல்லாத் திசையிலும் இழுபடும் இடத்தில், அதாவது கழுத்துபோல் ஒடுங்கும் இடத்தின் நடுவில், குழி மிக வேகமாக வளரும் என்பது அவர்கள் காட்டியது.

இருகட்ட எஃகில் குழி பிறக்க அழுக்குத் துகள் தேவையில்லை என்பதுதான் சங்கடம். சல்பைடும் ஆக்சைடும் இல்லாமல் எவ்வளவு சுத்தமாக உருக்கினாலும், நமக்கு வலிமை தரும் மார்ட்டென்சைட்டே குழிக்கும் இடம் கொடுக்கிறது. தகட்டை இழுக்கும்போது மென்மையான பெர்ரைட் நீள்கிறது. மார்ட்டென்சைட் அந்த அளவுக்கு நீளாது, சுமையை மட்டும் தாங்கிக்கொண்டு நிற்கும். இரண்டும் ஒட்டியிருக்கும் எல்லையில் பொருத்தமின்மை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்று நடக்கிறது. திட்டு பெரியதாக, கார்பன் மிகுந்ததாக, நீண்ட பட்டையாக இருந்தால் அது குறுக்கே வெடிக்கும். சிறியதாக, சற்று மென்மையாக இருந்தால் அது வெடிக்காது, எல்லையில் பெர்ரைட் அதைவிட்டு விலகிப் பிரியும். முன்னது சீக்கிரம் நடக்கும், பின்னது தாமதமாக நடக்கும். ஒரே வலிமை கொண்ட இரு தகடுகளில் ஒன்று டையில் கிழிவதற்கும் மற்றொன்று தாக்குப்பிடிப்பதற்கும் பல நேரங்களில் இந்தத் தாமதம்தான் காரணம்.

இதை முன்பெல்லாம் வெட்டிப் பார்த்துத்தான் ஊகித்தோம். வெட்டி மெருகேற்றும்போது குழியின் ஓரம் மழுங்கிப் போகும், அல்லது இல்லாத குழி உண்டாகும். இப்போது பிரான்ஸில் கிரெனோபிள் நகரில் உள்ள சின்குரோட்ரானின் எக்ஸ் கதிரில், மருத்துவமனை ஸ்கேன் செய்வதுபோல, எஃகுத் துண்டை இழுத்துக்கொண்டே உள்ளே முப்பரிமாணத்தில் பார்க்கிறார்கள். அங்கே இருகட்ட எஃகைப் பார்த்தபோது, சில பழைய குழிகள் ஊதிப் பெரிதாவதைவிட, நீள நீளப் புதிய குழிகள் தோன்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியமாகத் தெரிந்தது. குழிகளின் எண்ணிக்கை, நீட்சி கூடக் கூட, வேகவேகமாகப் பெருகுகிறது. ஆகவே இந்த எஃகைக் காப்பாற்ற வேண்டுமானால் குழி வளர்வதைத் தடுப்பதைவிட அது பிறப்பதைத் தள்ளிப்போட வேண்டும். பிறப்பைத் தள்ளிப்போடும் வழி நுண்கட்டமைப்பில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் போய்ப் பார்த்த ஒரு பிரஸ் ஷாப்பில் இதே தொல்லைதான். இரண்டு காயில்கள், அதாவது தகட்டுச் சுருள்கள். இரண்டின் சான்றிதழிலும் இழுவலிமை 800 மெகாபாஸ்கலை ஒட்டி இருந்தது. நீட்சி எண்ணும் ஏறக்குறைய ஒன்று. ஒரு காயிலில் ஃபிளேஞ்சு, அதாவது மடித்த விளிம்பு, நன்றாகத் திரும்பியது. மற்றதில் ஓரத்தில் விரிசல் விழுந்து குப்பைத் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. டையைத் தட்டிப் பார்த்தார்கள், எண்ணெயை மாற்றினார்கள், ஷிப்டுக்கு ஷிப்டு பழி மாறியது. கடைசியில் இரு காயிலிலிருந்தும் உருட்டிய திசையில் நெடுக்காக வெட்டி, கனத்தின் நடுப்பகுதியை நுண்ணோக்கியில் வைத்தோம். நல்ல காயிலில் மார்ட்டென்சைட் தனித்தனித் திட்டுகளாகச் சிதறியிருந்தது. கிழிந்த காயிலில் அது ஒன்றுக்கொன்று கைகோத்தபடி நீளமான பட்டைகளாக, தகட்டின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. பட்டைகளில் குறுக்கு வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அதில் கேட்கப்படாத கேள்விக்கு அதில் பதில் இல்லை, அவ்வளவே.

அந்தப் பட்டை எங்கிருந்து வந்தது? பிரஸ் ஷாப்புக்கு வெகு முன்னால், எஃகாலையில் உருகிய எஃகு உறையும்போதே அது எழுதப்பட்டுவிட்டது. உறையும் எஃகு மரக்கிளைபோல் கிளைவிட்டு வளரும். உறைந்த கிளைகள் மாங்கனீசு முழுவதையும் தங்களுக்குள் வாங்காமல், ஒரு பகுதியை மிச்சமிருக்கும் திரவத்துக்குத் தள்ளும். கடைசியில் உறையும் இடைவெளிகளில் மாங்கனீசு மிகுந்துவிடும். வார்த்த எஃகுப் பலகையின் நடுப்பகுதி கடைசியாக உறைவதால் அங்கே இன்னும் மோசம். உருட்டும்போது இந்த மாங்கனீசு மிகுந்த இடங்களெல்லாம் தட்டையாகி நீண்டு படலங்களாகின்றன. மாங்கனீசு இருக்கும் இடத்தில் ஆஸ்டினைட் எளிதில் உண்டாகும், குளிர்விக்கும்போது எளிதில் மார்ட்டென்சைட்டும் ஆகும். பட்டை தயார்.

இங்கே நம் மண்ணின் எஃகை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நொய்யல் கரையில் கொடுமணலிலும், வடக்கே மேல்சிறுவளூரிலும், மூசையில் எஃகு உருக்கியதற்கான எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. உட்ஸ் என்று உலகம் அழைத்த அந்த உயர்கார்பன் எஃகும் பல்கட்ட எஃகுதான். அதிலிருந்து அடித்த டமாஸ்கஸ் வாள்களில் அலையலையாகத் தெரியும் கோலம், கடினமான சிமென்டைட், அதாவது இரும்புக் கார்பைடு, துகள்கள் வரிசை கட்டியதால் வருவது. அவை ஏன் வரிசை கட்டுகின்றன என்பதை அமெரிக்காவின் உலோகவியலாளர் வெர்ஹோவனும் வாள் அடிக்கும் கொல்லர் பெண்ட்ரேயும் சேர்ந்து ஆராய்ந்து, 1998இல் வெளியிட்டார்கள். வனேடியம்போன்ற தனிமங்கள் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தாலே போதும். உறையும்போது அவை கிளைகளுக்கு இடையில் ஒதுங்கி, பிறகு அடிக்க அடிக்கச் சிமென்டைட்டை அந்த வரிசையில் நிறுத்திவிடுகின்றன. அடிப்படை நிகழ்வு ஒன்றே. அங்கே வாளின் கோலமாகப் போற்றப்பட்டது, இங்கே காரின் தகட்டில் கிழிசலுக்கு வழிவிடுகிறது.

ஓரத்தில் ஏன் முதலில் கிழிகிறது என்று இளைஞர் பலர் கேட்பார்கள். பஞ்சில் துளை போட்டாலோ கத்தரித்தாலோ, அந்த விளிம்பு அப்போதே அளவுக்கு மீறிச் சேதப்பட்டிருக்கிறது. பிசிறுள்ள அந்த ஓரத்துக்கு உள்ளே மெல்லிய ஒரு மண்டலத்தில் மார்ட்டென்சைட் ஏற்கெனவே உடைந்து, குழிகள் பிறந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் நாம் ஃபிளேஞ்சை விரிக்கிறோம். சாதாரண இழுவிசைச் சோதனையில் துண்டின் ஓரத்தை மில்லிங் செய்து சுத்தமாக்கிவிடுவதால் இது தெரியவே தெரியாது. துளை விரிப்புச் சோதனை இதைக் காட்டும். 10 மில்லிமீட்டர் துளையைப் பஞ்சால் போட்டு, 60 டிகிரி கூம்பை அதற்குள் தள்ளி, கனம் முழுவதும் ஊடுருவிய முதல் விரிசல் தெரியும்வரை விரிக்க வேண்டும். துளை 13 மில்லிமீட்டர் ஆனபோது விரிசல் விழுந்தால் 30 சதவீதம். 16 ஆனால் 60 சதவீதம். ஒரே இழுவலிமை கொண்ட எஃகுகள் இந்தச் சோதனையில் இப்படி இரண்டு துருவமாக நிற்பதைப் பார்த்தால்தான், வலிமை எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது மனதில் பதியும்.

இனி என்ன செய்யலாம் என்பது. ஒரே வழி என்று எதையும் சொல்ல மாட்டேன். முதலாவது, மார்ட்டென்சைட்டை மிதமான வெப்பத்தில், 200 முதல் 400 டிகிரிக்குள், சற்றே டெம்பர் செய்வது. இழுவலிமை கொஞ்சம் இறங்கும். ஆனால் இரு கட்டங்களுக்கும் இடையிலான முரண் தணிந்து, துளை விரிப்பு நன்றாகக் கூடும். ஓரம் வளையும் பாகங்களுக்கு இது லாபமான பேரம் என்பது என் கருத்து. சான்றிதழில் பத்து மெகாபாஸ்கல் குறைந்ததற்காகக் காயிலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, மணிகளைச் சிறியதாக்குவது. மணி சிறியதானால் வலிமை கூடும் என்பதை 1951இல் ஹாலும் 1953இல் பெட்சும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வலிமையைக் கூட்டும் மற்ற வழிகளில் நீட்சியை இழக்க வேண்டியிருக்கும். டியூசல்டார்ஃபில் அப்போது மாக்ஸ் பிளாங்க் இரும்பு ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் இருந்த ஆய்வகத்தில் இருகட்ட எஃகின் பெர்ரைட் மணியை 12 மைக்ரானிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரான் வரை இறக்கிப் பார்த்தார்கள். வலிமை கூடியது, நீட்சி பெரிதாகக் குறையவில்லை. மார்ட்டென்சைட் திட்டுகள் சிறிதாகி உருண்டையாகிவிட்டதால் அவை வெடிப்பதும் குறைந்தது. பல்கட்ட எஃகில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். வலிமையும் சேதத் தாங்குதிறனும் ஒரே திசையில் நகர்வது அபூர்வம்.

மூன்றாவது, கட்டங்களையே மாற்றுவது. மார்ட்டென்சைட்டின் இடத்தில் அதைவிட மென்மையான பெயினைட்டைக் கொண்டுவந்தால் முரண் குறையும். அல்லது கொஞ்சம் ஆஸ்டினைட்டை மாறாமல் மிச்சம் வைத்து, தகடு நீளும்போது அது மார்ட்டென்சைட்டாக மாறுமாறு செய்யலாம். 1967இல் பெர்க்லியில் சாக்கேயும் பார்க்கரும் அவர்களோடு இருந்தவர்களும் காட்டிய வழி இது. டிரிப் எஃகு என்கிறோம். ஒடுங்கத் தொடங்கும் இடத்திலேயே எஃகு தன்னை உறுதியாக்கிக்கொள்ளும் என்பதால் நீட்சி அருமையாக வரும். ஆனால் அப்படிப் புதிதாகப் பிறக்கும் மார்ட்டென்சைட்டில் கார்பன் மிக அதிகம். கத்தரித்த ஓரத்தில் ஆஸ்டினைட் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால், மிகக் கடினமான துகள்கள்தான் அங்கே நமக்காகக் காத்திருக்கும். நீட்சி எண்ணைப் பார்த்து மயங்கி இந்த எஃகை ஓரம் விரியும் பாகத்துக்குப் போட்டால் ஏமாற்றம்தான். நடுத்தகடு ஆழமாக இழுபடும் பாகத்துக்குப் போட்டால் இதைப்போல் ஒன்று கிடைக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து நிறுத்துகிறேன். அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரு தகட்டு மாதிரி கையில் கிடைத்தால், மேல் பரப்பை மட்டும் மெருகேற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். உருட்டிய திசையில் நெடுக்காக வெட்டுங்கள். கனத்தின் நடுப்பகுதிக்கு நுண்ணோக்கியை நகர்த்துங்கள். மார்ட்டென்சைட் எத்தனை சதவீதம் என்று எண்ணிய பிறகு, அது தனித்தனியாக நிற்கிறதா, தொடராக ஓடுகிறதா என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் பெர்ரைட்டின் கடினத்தையும் மார்ட்டென்சைட்டின் கடினத்தையும் நானோ அளவில் தனித்தனியாக அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பொறியாளர் நண்பர்கள் காயில் வாங்கும்போது அந்த நெடுவெட்டுப் படத்தையும் துளை விரிப்பு எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். நடுவில் பட்டை தெரிந்தால் அந்தக் காயிலை ஓரம் விரியாத பாகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.